பசியாறிட்டியா தம்பி?

சிரம்பானுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ரந்தாவ். முன்பு இந்தப் பக்கமெல்லாம் ரப்பர். இங்குள்ளவர்கள் அதைப் 'பால்மரம்' என்கிறார்கள். மலேசியாவில் என் படிப்பின் கடைசி மூன்று மாதங்களை இந்த ஊர்த் தோட்டத் தமிழ்க் குடும்பங்களோடு கழித்தேன். மாதத்துக்கு ஒரு வீடு.

காலையில் எந்த வாசலைக் கடந்தாலும் "பசியாறிட்டியா தம்பி?" என்பார்கள். பசியாறல் என்றால் காலைச் சாப்பாடு. நாம் டிபனுக்குப் பறிகொடுத்த சொல்! ஆமாம் என்றாலும் விடமாட்டார்கள். ரொட்டி சானாயும் மைலோவும் வந்துவிடும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் 'மசாக் லெமாக்' குழம்பு பிரபலம்: தேங்காய்ப்பால், மஞ்சள், கண்ணில் நீர் வரவைக்கும் ஊசிமிளகாய். கடைசி வீட்டு அத்தை அதிலும் கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டுவார்.

அந்த வீட்டு மாமாவுக்கு 60 வயது நிறைகிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அவர் பிறந்ததே அந்த லயத்தில்தான். "நீ இந்த மாசம் கிளம்புறே, நாங்க அடுத்த மாசம்" என்றார், செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல். போகப்போவது சிரம்பானில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு.

அத்தை கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஒன்று மகள் வீட்டுத் தொட்டிக்கு, ஒன்று எனக்கு. விமானத்தில் மண்ணோடு விடமாட்டார்கள் என்றேன்.

"வேரைக் கழுவித் தரேன்."