பனையேறிக்கு யார் தேர்வு வைப்பது?

வீட்டு வாசல் வேம்பின் கிளை மின்கம்பியில் உரசுகிறது என்றால் தூத்துக்குடியில் யாரைக் கூப்பிடுவது? மின்வாரியத்து ஆள் வந்தால் கம்பிக்கு இடைஞ்சலான பக்கத்தை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போவார். விறகுக்கு வெட்டுகிறவர் வந்தால் மரத்தையே விலை பேசுவார். தோட்டக்கலை அலுவலர் இருக்கிறார், வனக்காப்பாளர் இருக்கிறார், பூங்காவுக்குத் தோட்டக்காரர் இருக்கிறார். மரத்தில் ஏறி, அதன் உடம்பறிந்து, அது சாகாமல் வேலை பார்க்கிறவர் என்று ஒரு பதவிதான் இல்லை.

அமெரிக்காவில் அவருக்கு ‘ஆர்பரிஸ்ட்’ என்று பெயர். அங்கிருந்து இயங்கும் பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தேர்வு வைத்துச் சான்று தருகிறது. மூன்றாண்டு வேலை அனுபவமோ அதற்கு ஈடான படிப்போ இருந்தால்தான் தேர்வு எழுதலாம். சான்றும் மூன்றாண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். மரமேறுகிறவர்களுக்குத் தனிச் சான்று உண்டு. அதற்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது; உச்சியில் அடிபட்டுத் தொங்கும் கூட்டாளியைப் பத்திரமாகக் கீழே இறக்கவும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் மனத்தில் போட்டுக்கொண்டு ஒரு சித்திரை மாதத்தில் உடன்குடிப் பக்கம் போனேன். தேரி மண்ணில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நான் பார்க்கப் போன பனையேறி அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. முருக்குத்தடியை மரத்தில் சாத்தி, அதில் கால் வைத்து எழும்பி, பாதங்களைப் பிணைக்கும் திளாப்பை மாட்டி, நெஞ்சை மரத்தோடு அணைத்தபடி ஏறினார். இடுப்பில் அரிவாள்பெட்டி. அதற்குள் பாளை அரிவாளும் பாளையை இடுக்கும் கடிப்பும் இருந்தன.

“ஏறுறது பெருசில்ல தம்பி. மேல போயி என்ன செய்யுறோங்கதுதான் வேல,” என்றார் இறங்கிய பிறகு. ஆண் பனைப் பாளையை ஒரு விதமாக இடுக்க வேண்டும். பெண் பனையில் குரும்பைகளுக்கு நடுவே கடிப்பை நுழைத்து வேறு விதமாக. பாளை நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கூடுதலாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் கண் அடைத்துக்கொள்ளும், பதனி வராது. கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பிலும் கணக்கு உண்டு: குறைந்தால் புளித்துக் கள்ளாகும்; மிஞ்சினால் கருப்பட்டியின் ருசி கெடும். கள்ளுக்கு 1987 முதல் இங்கே தடை என்பதால், சுண்ணாம்பு விஷயத்தில் கை பிசகினால் காவல்நிலையம்வரை போக நேரலாம் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

மரத்தில் அரிவாளால் படி கொத்தினால் ஏறுவது சுலபமாகுமே என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. “பனைக்குப் பட்ட காயம் ஆறாது.” தாவரவியலும் இதைத்தான் சொல்கிறது. வேம்பில் வெட்டுப்பட்ட இடத்தைப் புதுப் பட்டை வளர்ந்து மூடும். பனை ஒருவித்திலைத் தாவரம். தண்டைத் தடிக்க வைத்துக் காயத்தை மூடும் வளர்படலம் அதற்குக் கிடையாது. குருத்தும் ஒன்றே ஒன்று, அது போனால் மரமே போயிற்று. உயிருள்ள மரத்தில் கவாத்துக்கு ஏறும்போது காலில் இரும்பு முள் கட்டக் கூடாது என்பது ஆர்பரிஸ்டுகள் படித்துத் தேறும் பாடம். அண்ணாச்சி அதை அப்பாவிடம் கற்றுக்கொண்டார்.

அவரிடம் ஒரு அட்டை இருக்கிறது. தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்ததற்கான அட்டை. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் என்று பயனுள்ள அட்டைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதை அது சொல்லுமே தவிர, எவ்வளவு தெரிந்தவர் என்பதைச் சொல்லாது. சலுகைக்கான அடையாளம் வேறு, திறமைக்கான சான்று வேறு. நாம் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தொழிலைக் கல்வியாகப் பார்க்காமல் பிறப்போடு சேர்த்தே பார்த்துப் பழகிய சமூகத்துக்கு, அதில் தேர்வும் தரமும் உண்டு என்பது எளிதில் உறைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

பொருளுக்கு மட்டும் பட்டம் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது. பனந்தும்பு ‘பாசைன்’ என்ற வணிகப் பெயரோடு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் துடைப்பங்களுக்கும் பிரஷ்களுக்கும் போயிருக்கிறது. பனைக்கே மாநில மரம் என்ற பெருமை. 2021இல் வந்த அரசு அறிவிப்பின்படி அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். மரத்துக்கும் கருப்பட்டிக்கும் தும்புக்கும் காகிதம் இருக்கிறது.

பதனி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் அண்ணாச்சியின் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு லிட்டர் பதனி காய்ந்து ஒரு கிலோ கருப்பட்டி ஆகும். நுரை பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார், நுரை அடங்கியது. பதம் வந்ததா என்று பார்க்கத் துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். “ஒரு நிமிசம் முந்தினா இளகும், பிந்தினா கருகும்,” என்றார் அந்த அக்கா. சிரட்டையில் ஊற்றியதும் அது சந்தைக்குப் போகும் சரக்கு. சர்க்கரைக் கலப்படம் மலிந்த சந்தையில் புவிசார் குறியீடு நிற்பது இந்த விரல்களின் நாணயத்தில்தான். அவரிடம் எந்த அட்டையும் இல்லை. ஊரில் கேட்டால் ‘பனையேறி பொண்டாட்டி’ என்பார்கள்.

கேரளத்தில் வேறு மாதிரி செய்தார்கள். தென்னை ஏற ஆள் கிடைக்காமல் போனபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டம் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, ஏறும் கருவி, காப்பீடு. பெண்களும் வந்து கற்றார்கள். தென்னம்பாளையிலிருந்து நீரா இறக்குகிறவருக்கு ‘நீரா டெக்னீஷியன்’ என்று பெயரும் வைத்தார்கள். பெயர் மாறினால் கூலி பேசும் குரலும் மாறும். இதை அற்பமாக நினைக்கக் கூடாது. ஆனால் பனை ஆறு நாளில் வராது. தென்னைக்குச் செய்த கருவி பனையில் பாதித் தொல்லையைத்தான் தீர்க்கும்; உச்சியில் ரம்பம்போல் நிற்கும் கருக்குமட்டைகளுக்குள் புகுந்து பாளை சீவ மனிதர்தான் வேண்டும்.

அமெரிக்கத் தேர்வில் அண்ணாச்சி ஓரிடத்தில் தோற்பார். திளாப்பு கால்களைத்தான் பிணைக்கிறது. ஏறும்போது உடம்பை மரத்தோடு கட்டும் கயிறு எதுவும் இல்லை, கீழே நின்று பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இதே கரையில் 1961வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளியாள் மூழ்கினால் மேலே கயிறு பிடிக்க ஒருவர் உண்டு. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பனையேறிக்கு அப்படி ஒரு மைத்துனன் வாய்க்கவில்லை. வழிவழியாக வந்த அறிவு என்று நாம் புகழும்போது இந்த ஓட்டையையும் சேர்த்துப் புகழக் கூடாது.

பனை ஆராய்ச்சி நடக்கும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பனையேற்றத்துக்கு ஒரு சான்றிதழ் வரட்டும். உடம்பைக் கட்டும் கயிற்றையும் விழுந்தவரை மீட்கும் முறையையும் கல்லூரி கற்றுக்கொடுக்கட்டும். பாளை சீவுவதற்கும் பதம் பார்ப்பதற்கும் மதிப்பெண் போடும் நாற்காலியில் அண்ணாச்சியையும் அந்த அக்காவையும் உட்கார வையுங்கள். அந்த வேலைக்கு உரிய சம்பளத்தையும் கொடுங்கள்.