பின் ஷாக்கின் வயிற்றுக்குள்ளே

வண்டி குலுக்கினால் நாம் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் திட்டுகிறோம். பாவம், அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சுருளுக்குள் ஒரு குழாய் ஒளிந்திருக்கிறது, அதற்குள் எண்ணெய் இருக்கிறது என்பது நாற்பது வருஷம் பைக் ஓட்டியவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் பொன்மலை ரயில்வே பணிமனை. பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளில் ஆக்சில் பாக்ஸ் ஸ்பிரிங்கோடு 'டேஷ்பாட்' என்று ஒன்று இருக்கும். எண்ணெய் நிரம்பிய குடுவைக்குள் துளை போட்ட ஒரு தலை ஏறி இறங்கும். எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துத்தான் போய் வர வேண்டும். எண்ணெய் வற்றினால் பெட்டி தூளி மாதிரி ஆடும். பைக்கின் பின் ஷாக்கும் அதே ஜாதிதான். உருவம்தான் சிறிது.

போன ஆடியில் என் மனைவிக்கு இடுப்பு வலி வந்தது. டாக்டர் டூவீலரைக் குறைக்கச் சொன்னார். மகன் போனில், "அப்பா, அந்தப் பழைய வண்டியை முதல்ல வித்துடுங்க" என்றான். அவன் சொல்வது சுலபம். லால்குடியில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போவதும், காந்தி மார்க்கெட் போவதும் அந்த வண்டியில்தான். வண்டி போனால் அவள் வாசற்படியோடு நிற்க வேண்டியதுதான். பென்ஷனில் தினம் ஆட்டோ கட்டுபடியாகாது.

அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "ஏங்க, பள்ளத்துல இறங்கும்போது ஒண்ணும் தெரியலை. ஏறினப்புறம்தான் தூக்கி அடிக்குது." எந்த மெக்கானிக்கும் இதைவிடச் சரியாக நோயைச் சொல்லிவிட முடியாது.

சர்வீஸ் கடைப் பையன் கொக்கி ஸ்பேனரை எடுத்து, ஷாக்கின் அடியில் இருக்கும் வளையத்தை ரெண்டு படி ஏற்றி, "டைட் வச்சிட்டேன் சார்" என்றான். அந்த வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும். சீட் சற்று உயரும். அவ்வளவுதான். எண்ணெய்ப் பக்கம் அது தொடுவதே இல்லை. நான் வாதம் பண்ணாமல், புது ஜோடி வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு, பழசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் அறுத்தேன். எண்ணெய் ஒரு டம்ளர்கூட இல்லை. இருந்ததும் கரிப்பிடித்த மாதிரி கறுப்பு. பிஸ்டன் ராடில் துரு பொத்தல் பொத்தலாக இருந்தது. அந்தச் சொரசொரப்புதான் ஆயில் சீலின் உதட்டைத் தின்றிருக்கிறது.

ராடின் நுனியில் பிஸ்டன், அதில் துளைகள். அவற்றின் மேல் ஒரு மெல்லிய தகடு. சக்கரம் மேடேறி ஷாக் அமுங்கும்போது எண்ணெய் அந்தத் தகட்டைத் தள்ளிக்கொண்டு சுலபமாக மேலே போகிறது. ஸ்பிரிங் திரும்ப விரியும்போது தகடு ஒட்டி மூடிக்கொள்கிறது. எண்ணெய் சின்னச் சந்து வழியே மட்டும்தான் கசிய முடியும். அதனால் சீட் நிதானமாக எழும்புகிறது. குழாயின் அடியில் இன்னொரு வால்வு. ராடு உள்ளே வரும்போது அது அடைக்கும் இடத்துக்கு ஈடான எண்ணெயை வெளிக்குழாய்க்கு அனுப்பி, திரும்பும்போது வாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் எண்ணெய்க்குப் பதில் காற்றுதான் அந்தச் சந்தில் ஓடியிருக்கிறது. காற்றுக்குச் சந்து என்ன, வாசல் என்ன! ஸ்பிரிங் வாங்கிய உதையை அப்படியே பின்னால் உட்கார்ந்தவருக்குத் திருப்பித் தந்துவிட்டது.

விலை கூடிய ஷாக்குகளில் ஒரு தகட்டுக்குப் பதில் ஷிம் எனப்படும் உருக்கு வாஷர்களை அடுக்கி வைப்பார்கள். மெதுவான அசைவில் எண்ணெய் சிறு துளையில் கசியும். பள்ளத்தில் வேகமாக அடித்தால் வாஷர்கள் வளைந்து வழிவிடும். அதன் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 0.20 மி.மீ. வாஷர் ஒன்று, 0.10 மி.மீ. வாஷர் எட்டுக்குச் சமம். தலைமுடி கனத்தில் வண்டியின் குணமே மாறிவிடும்.

புதுசு மாட்டிய பிறகு லால்குடி போய் வந்தோம். வலி முழுக்கப் போகவில்லை. அது வயசு. தூக்கி அடிப்பது நின்றுவிட்டது. டாக்டரும் பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் பரவாயில்லை என்றார். மகன் இன்னும் முணுமுணுக்கிறான்.

உங்கள் வண்டியை நீங்களே பார்க்கலாம். பின் சீட்டை இரு கையாலும் பலமாக அமுக்கி விடுங்கள். எழும்பி ஒரே மூச்சில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. ராடைச் சுற்றி எண்ணெய் ஈரமும் புழுதியும் அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதுசானால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இழுக்கும்.

இன்னொன்று. என்னைப் பார்த்து நீங்களும் அறுக்கப் போகாதீர்கள். பல வண்டிகளில் எண்ணெய் நுரைக்காமல் இருக்க, அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்திருப்பார்கள். அதில் ஹாக்ஸா வைத்தால் ஆபத்து. என்னுடையது வெறும் எண்ணெய் ஷாக் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கை வைத்தேன்.