கொடுப்பதில் எனக்கென்ன?

யூத மறைஞான மரபான கப்பாலாவைப் படிக்க வருகிறவர்கள் முதல் சந்திப்பில் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தேவதைகளின் பெயர்கள், எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பு, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு. தெரிந்ததைச் சொல்வேன். அந்தக் கேள்விகளோடு மட்டும் வந்தவர்களில் பலர் அடுத்த மாதம் வருவதில்லை. தங்கிவிடுகிறவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில், மற்றவர்கள் எழுந்து போனபிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு வேறொன்றைக் கேட்பார்கள். “ஆன்மிகத்தில் வளரவேண்டும் என்பதற்காகத்தான் நான் பிறருக்குச் செய்கிறேன் என்றால், அதுவும் சுயநலம்தானே?”

எங்கள் வாசிப்பு வட்டத்தில் புதியவர்களோடு உட்காருவது என் பங்கு. நாங்கள் படிப்பது ரபி யெஹூதா அஷ்லாகின் மரபு. போலந்தில் பிறந்து 1920-களின் தொடக்கத்தில் எருசலேமுக்கு வந்து, 1954-இல் மறைந்தவர் அவர். கப்பாலாவின் அடிப்படை நூலான சோஹருக்கு ‘சூலாம்’ என்ற உரையை எழுதியவர். படைப்பு முழுவதற்கும் மூலப்பொருள் பெறும் ஆசைதான் என்பது அவருடைய அடிப்படைப் பாடம். அந்த ஆசையை வைத்துக்கொண்டே கொடுப்பவனாக மாறுவது எப்படி என்பதுதான் மிச்சப் படிப்பு முழுவதும். அதனால் அந்தக் கூச்சமான கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வாசலைத் தேடிப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் உருவான காலத்து ரபிகளுக்கே இந்தச் சிக்கல் தெரியும். நோக்கம் தூயதாக இல்லை என்பதற்காகக் கற்பதையும் நற்செயலையும் நிறுத்திவிடாதே, செய்துகொண்டே இருந்தால் நோக்கம் பின்னால் வந்து சேரும் என்பது அவர்கள் முடிவு. தனக்காகச் செய்யும் நிலைக்கு ‘லோ லிஷ்மா’ என்று பெயர். அதற்காகவே அதைச் செய்யும் நிலைக்கு ‘லிஷ்மா’. எல்லாரும் முதலாவதில்தான் தொடங்குகிறோம், வேறு நுழைவு கிடையாது. அதிலேயே சௌகரியமாகக் குடியேறிவிடக் கூடாது என்பதில் மட்டும் அஷ்லாக் கறாராக இருந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது நம் சாமர்த்தியத்தால் நடக்காது, கேட்டுத்தான் பெறவேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு விபத்து. கேள்வி மனத்தில் விழுந்ததும் சிலர் செய்துகொண்டிருந்த நல்ல காரியங்களையும் நிறுத்திவிடுகிறார்கள். “மனம் சுத்தமாகட்டும், பிறகு செய்கிறேன்” என்கிறார்கள். பசித்தவனுக்கு நம் மனத்தின் சுத்தம் எதற்கு? அவனுக்குச் சோறு வேண்டும். நோக்கத்தைப் பற்றிய விசாரணையை நம் நேரத்தில் நடத்திக்கொள்ளலாம், அவனுடைய நேரத்தில் வேண்டாம். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வது வழக்கம்.

அதன்பிறகு அஷ்லாக் விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் விருந்தாளிக் கதைக்குப் போவேன். பசியோடு ஒருவர் ஒரு வீட்டுக்கு வருகிறார். சும்மா வாங்கிச் சாப்பிடக் கூச்சம், வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர் விடுவதாயில்லை. அவர் வற்புறுத்த வற்புறுத்த, ‘நான் சாப்பிட்டால் இவருக்குச் சந்தோஷம்’ என்பது விருந்தாளிக்குப் புரிகிறது. இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். வாய்க்குள் போவது அதே உணவு, பசியும் அதே பசி. ஆனால் உபகாரம் செய்கிறவர் இப்போது விருந்தாளி. முதலில் வந்த மறுப்புக்குக் கப்பாலாவில் ‘மஸாக்’ என்று பெயர், ஒரு திரை. திரை இல்லாமல் வாங்கியது வெறும் வாங்கல்தான். திரையைத் தாண்டி, கொடுப்பவருக்காக வாங்கியது கொடுத்தலாகிவிடுகிறது.

இந்தக் கதையில் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம் பசி. பசி இல்லாத விருந்தாளியால் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆசையை அறுக்கவேண்டும் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அஷ்லாகின் பாதையில் ஆசை படிக்கப் படிக்கப் பெருகும். பெருகுவதைக் கண்டு பயந்து “முன்னைவிட மோசமாகிவிட்டேன்” என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இந்தப் பசியைத்தான் திரும்ப எடுத்துக் காட்டுகிறேன்.

மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் ஒரு செவிலியர் வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். “நோயாளிக்குச் செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இது கொடுத்தலில் சேருமா?” என்று கேட்டார். சம்பளம் நினைவுக்கே வராத நேரம் எப்போது என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: திட்டிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கு விரிப்பு மாற்றும்போது எப்போது முடியும் என்றிருக்கும், கையைப் பிடித்து நன்றி சொல்லும் பாட்டிக்குக் கேட்காததையும் செய்யத் தோன்றும். இரண்டிலும் சம்பளம் ஞாபகத்தில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அப்படியானால் என் பெரிய கூலி நன்றிதான், பணமில்லை” என்றார். நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நல்ல கேள்விக்கு முன் என்னைப் போன்றவர்களின் வேலை பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வதுதான்.

“கடவுளிடம் போவதற்கு நடுவில் மனிதர்கள் எதற்கு? தியானம் செய்தால் போதாதா?” என்றும் கேட்பார்கள். 1933-இல் அஷ்லாக் வெளியிட்ட ‘மத்தான் தோரா’ கட்டுரையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அவருடைய எழுத்தில் நான் அதிகம் திரும்பிப் போகும் இடமும் அதுதான். கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான சடங்குகள் வரையறுக்கப்பட்டவை. நேரம் உண்டு, முறை உண்டு; நாளடைவில் பழகிவிடும். பழகியது நம்மைப் புரட்டிப் போடாது. அயலானின் தேவையோ ஒழுங்கில்லாதது, எல்லாத் திசையிலிருந்தும் வருவது, நேரம் பார்க்காதது. அதனால்தான் பயிற்சிக்கு அதுவே ஏற்ற களம் என்கிறார். என் பங்குக்கு ஒன்று சேர்ப்பேன்: தியானத்தில் நான் எவ்வளவு அன்பானவன் என்று எனக்கு நானே சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதில் கையெழுத்துப் போடமாட்டார்.

மரபின் பழைய நினைவுகளும் இதையே சுற்றி வருகின்றன. லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில் வரும் பிறனை நேசிக்கும் கட்டளையை யூத வேதமான தோராவின் பெருவிதி என்று சொன்னவர் தல்மூத் காலத்து ரபி அகிவா. அவருக்கு 24,000 மாணவர்கள் இருந்தார்கள் என்றும், ஒருவருக்கொருவர் மதிப்புக் கொடுக்காததால் பஸ்காவுக்கும் அறுப்புப் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் மாண்டுபோனார்கள் என்றும் தல்மூத் சொல்கிறது. அந்தப் பெருவிதியைச் சொன்னவரின் மாணவர்களுக்கே இந்தக் கதி! பிறகு அகிவா கண்டெடுத்த சிலரில் ஒருவர் ஷிமோன் பார் யோகாய். சோஹரை மரபு அவர் பெயரில்தான் வைத்திருக்கிறது. அந்த நூல் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்டது என்பதும், மோசே தே லியோனின் கை அதில் பெரிது என்பதும் ஆய்வாளர்களின் முடிவு. புதியவர்களிடம் நான் இரண்டையும் சொல்லிவிடுவேன். மறைத்துவைத்தால் பின்னால் எங்கோ படித்துவிட்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள்.

கலிலேயா மலைமேல் இருக்கும் ஸஃபேத் ஊருக்கு 1570-இல் வந்த ஐசக் லூரியா அங்கே கற்பித்தது இரண்டு ஆண்டுகள்கூட முழுசாக இல்லை. 1572-இல், 38 வயதில் இறந்துபோனார். காலைத் தொழுகைக்கு முன் பிறனை நேசிக்கும் கட்டளையை ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று அவர் பழக்கினார் என மாணவர் ஹயிம் விட்டால் குறித்திருக்கிறார். நாங்களும் புத்தகத்தைத் திறக்குமுன் அதைச் செய்கிறோம். புதியவர்களுக்குக் கூடுதலாக ஒன்று சொல்வேன்: எல்லாரையும் நேசிப்பதாக ஏற்காதீர்கள், அது சுலபம், இந்த அறையில் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை யாரிடமும் சொல்லவேண்டாம். இந்தப் பயிற்சி தொடங்கிய வாரத்தில் சில கண்கள் என் பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

லூரியாவின் மாணவர்களும் அப்படியொன்றும் ஒற்றுமைச் சிகரங்கள் இல்லை. அவர் போனபிறகு, 1575-இல், விட்டாலிடம் மட்டுமே அந்தப் போதனையைக் கற்பதாக அவர்களில் 12 பேர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அன்பு தானாக ஓடியிருந்தால் பத்திரம் எதற்கு?

“வளர்கிறேன் என்று எப்படித் தெரியும்?” இது எல்லாரும் கேட்பது. கனவுகள், ஒளி, உடம்பில் சிலிர்ப்பு என்று ஏதோ அடையாளம் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பாதையில் முதல் அடையாளம் இனிப்பானதல்ல. தான் செய்த தர்மத்துக்குள் எவ்வளவு கணக்கு இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தீமையை அறிதல் என்று இதை அழைக்கிறார்கள். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படி இல்லை. ஆனால் அதிலேயே ஊறிக் கிடப்பதும் ஒரு சொகுசு. தன்னைத்தானே நொந்துகொள்கிறவன் நாள் முழுக்க யாரைப் பற்றி நினைக்கிறான்? தன்னைப் பற்றித்தான். அஷ்லாகின் மகன் பாரூக், 1991 வரை பினே பிராக் ஊரில் வாழ்ந்தவர், சுயவிமர்சனத்துக்கு நாளில் சிறு பொழுதை மட்டும் ஒதுக்கச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் மகிழ்ச்சிக்கு. தன்னிடம் வந்த இளைஞர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, 1984 முதல் அவர்களுக்காகக் கட்டுரைகள் எழுதினார். நண்பனின் குணத்தைப் பெரிதாகப் பார்ப்பது எப்படி என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. தனியாக அளந்துகொள்ளும் வளர்ச்சியை அவர் நம்பவில்லை. நானும் நம்புவதில்லை.

கப்பாலா படிக்க 40 வயது ஆகவேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். சப்தாய் செவி என்பவர் தன்னை மேசியா என்று சொல்லிக்கொண்டு 1666-இல் மதம் மாறியதும், அதன்பின் அவர் வழிவந்த ஃபிராங்க் கூட்டத்தார் கிளப்பிய குழப்பமும் ரபிகளைப் பயமுறுத்தின. 1756-இல் பிராடி நகரில் போட்ட தடையில் சோஹருக்கு 30, லூரியாவின் நூல்களுக்கு 40 என வயது வரம்பு வைத்தார்கள். லூரியாவே அந்த வரம்பை எட்டவில்லை. அஷ்லாக் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

எல்லை பற்றிய கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. “கொடுப்பதுதான் பாதை என்றால் கேட்கிறவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டுமா?” கூடாது. இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளான செஃபிரோத்தில் தாராளமான ஹெஸெத் தனியாக நிற்பதில்லை. தடுத்து அளக்கும் கெவூரா எதிரில் நிற்கிறது. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாட்கள் எண்ணும் ஓமெர் காலத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு செஃபிரோத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாளே ஹெஸெதுக்குள் கெவூரா. அன்று நாங்கள் கேட்டுக்கொள்வது: யாருக்கு அளவுக்கு மேல் கொடுத்து அவரைச் சிறியவராக்கினோம்? இடைக்கால யூத அறிஞர் மைமோனிடெஸ் தானத்தை எட்டுப் படிகளாக அடுக்கியபோது மேல்படியில் வைத்தது, ஒருவர் கையேந்தாமல் நிற்கும்படி கடனோ வேலையோ கூட்டுத்தொழிலோ கொடுப்பதைத்தான். வாங்குகிறவரின் முதுகு நிமிர்கிறதா என்று பார்ப்பதும் கொடுத்தலில் சேர்த்தி.

இங்கே அஷ்லாகோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மனிதனிடம் பெறும் ஆசையைத் தவிர வேறொன்றுமே இல்லை என்பதை அவர் அவ்வளவு ஒட்டுமொத்தமாகச் சொல்வதால், சில புதியவர்கள் பெற்றவர்களின் பாசத்தைக்கூடச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தைத் தன்மேல் மட்டும் செலுத்தவேண்டும். அடுத்தவரை அளக்க அது கோல் அல்ல. அதைச் சொன்ன அஷ்லாகும் சமூகத்தை விட்டு ஒதுங்கியவர் இல்லை. 1940-இல் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். முதல் இதழோடு பிரிட்டிஷ் அரசு அதை மூடிவிட்டது. பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியன் அவரைச் சந்தித்தபோது கப்பாலாவைப் பற்றிக் கேட்கப் போனாராம். இவரோ சோசலிசத்தைப் பற்றியே பேசினாராம்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல். எந்தக் குழுவாவது ‘கொடுத்தல்’ என்ற பெயரில் உங்கள் சம்பளத்தையோ, ஓய்வையோ, வீட்டாரோடு உள்ள உறவையோ கேட்டால், அன்றே எழுந்து வந்துவிடுங்கள். சோஹரையும் முதலில் திறக்காதீர்கள். மோசே கோர்தோவேரோ ஸஃபேத்தில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1588-இல் வெனிஸில் அச்சான ‘தோமெர் தெவோரா’ சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயம்; ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அதன் முதல் அத்தியாயத்தில் வரும் 13 குணங்களில் முதலாவதே கடினம்: ஒருவன் இறைவனை எதிர்த்துக் கையோங்கும் அந்த நொடியிலும் அந்தக் கையை ஓங்குவதற்கான பலத்தை அவர் நிறுத்துவதில்லை, நீயும் அப்படி இரு என்கிறது. அந்த ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.