தக்காளித் தோட்டமும் மகன் போட்ட அட்டவணையும்

ரெண்டு வாரமா தோட்டத்து வேலையில எழுத முடியல. இன்னைக்கு ஒரு சங்கதி சொல்றேன்.

போன வருஷம் ஒரு ஏக்கர் தக்காளி போட்டு கையைச் சுட்டுக்கிட்டேன். உழுது, பாத்தி பிடிச்சு, மல்ச்சிங் ஷீட் விரிச்சு எல்லாம் தயார். நாத்து மட்டும் இல்ல. நர்சரியில கேட்டா, "முன்னாடியே சொல்லணும்ணா, வளர 25 நாள் ஆகும்"னுட்டாங்க. தப்பு என்னுதுதான். நட்டு, காய் பறிச்சு ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டு போறப்ப விலை இறங்கிப் போச்சு. பழியை மட்டும் கூலி ஆளுங்க மேல போட்டேன்.

மகன் ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை திட்டம் போடுற பிரிவுல இருக்கான். இந்த வருஷம் பழைய லேப்டாப்புல கேன்ட் ப்ராஜெக்ட்னு ஒரு இலவச மென்பொருளை ஏத்திக்கிட்டு வந்தான். "வாயால சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்"னான்.

மேல ஒரே வரி: ஆடித் தக்காளி. அதுக்குக் கீழ நிலம், தண்ணி, நாத்து, நடவு, பராமரிப்பு, பறிப்புன்னு ஆறு. நிலத்துக்குக் கீழ உழவு, தொழு உரம், பாத்தி, ஷீட். தாத்தா, மகன், பேரன்னு குடும்ப வரிசை மாதிரிதான். மேல் வரிக்கு நாமா தேதி போட வேண்டாம். கீழ இருக்கிற வேலையோட தேதியை வச்சு அதுவே கணக்குப் போட்டுக்கும்.

அப்புறம் எதுக்குப் பின்னாடி எதுன்னு கோர்த்தான். சொட்டு நீர் குழாய் போட்ட பிறகுதான் ஷீட். ஷீட்டும் முடியணும், நாத்தும் வரணும், அப்பதான் நடவு. நடவு ஆடி 18னு வச்சா, ஆனி கடைசி வாரத்துலயே நாத்துக்குச் சொல்லணும்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை லீவுன்னு இருந்ததை வெள்ளிக்கிழமையா மாத்தச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நம்ம ஊர் ஆட்டுச் சந்தை, எவன் களை வெட்ட வருவான்?

நாளை நீளக் கட்டையா வரையிற இந்தப் படத்துக்கு ஹென்றி கேன்ட்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் பேருதான். நூறு வருஷத்துக்கு முந்தின ஆளாம். எந்த வேலை ஒரு நாள் தள்ளினா கடைசி நாளும் தள்ளும்னு கண்டுபிடிக்கிற கணக்கு 1950கள் கடைசியில டுபான்ட் கெமிக்கல் கம்பெனியில வந்ததாம். மகன் சொன்னான். எனக்கு அதுல நாத்துதான் அந்த வேலை. தொழு உரம் நாலு நாள் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது.

இதுவரைக்கும் சந்தோஷம்தான். கடைசியில, "ஒவ்வொரு வேலைக்கும் யாருன்னு சொல்லுங்க"ன்னான். குழாய் பொருத்த, ஷீட்டுல ஓட்டை போட, நாத்து நட, குச்சி கட்ட, ராகி களை எடுக்க, காலையும் சாயந்திரமும் மூணு மாட்டுல பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்த... சொல்லச் சொல்ல அம்மா, அம்மான்னே அடிச்சான். ஆளுங்க பக்கத்தைத் திறந்தா, ஆடி மாசத்துல 11 நாளு அவ பேருக்கு நேரா சிவப்பு. ஒரு ஆளால முடியாத வேலைன்னு அர்த்தமாம். என் பேருக்கு நேரா ஒரு நாள் கூட சிவப்பு இல்ல.

போன வருஷம் குச்சி கட்டுறது லேட்டானப்ப அவளைத்தான் திட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ராகி களையை ஒரு வாரம் தள்ளினோம். குச்சி கட்ட ரெண்டு ஆளு கூலிக்கு வச்சோம். மாங்கா முடிஞ்சதால ஆளு கிடைச்சாங்க. சாயந்திரப் பால் என் பேருக்கு மாறிச்சு. சிவப்பு 11ல இருந்து 3 ஆச்சு.

நடவுக்கு ரெண்டு நாள் மழை. தேதியை மாத்தினேன், கீழ இருந்த எல்லாம் தானா நகர்ந்துடுச்சு. முதல்ல போட்ட திட்டத்தையும் தனியா வச்சிருக்கான், எங்க பிசகினோம்னு பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். முடியாத வேலையை முடிஞ்சுதுன்னு குறிச்சா மட்டும் இது வெறும் பொம்மைப் படம்.

விலை என்ன வரும்னு இது சொல்லாது. அது மண்டிக்குப் போனாதான் தெரியும். லேப்டாப் இல்லாதவங்க நோட்டுலயே எழுதுங்க. ஆனா வேலைக்குப் பக்கத்துல ஆளு பேரையும் எழுதுங்க.

வீட்டுக்காரிகிட்ட அந்தச் சிவப்பைக் காட்டினேன். "இதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு லேப்டாப்பு வேணுமா? மணி ஆச்சு, கேனை எடுங்க"ன்னா.