மரை கழன்ற கதை

மரை கழன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. எனக்கு அல்ல, என் புல்லட்டுக்கு. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

வாரத்தில் ஆறு நாள் பாரிமுனை ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு ஏழாவது நாள் மெக்கானிக் ஆகிவிட வேண்டும் என்று ஒரு வெறி வருமே, உங்களுக்கு வந்ததில்லை? எனக்கு வந்தது. மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனியில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய புல்லட் நிற்கும். அப்பா ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். பக்கவாதம் வந்து போன பிறகு அவர் வலது கையில் காபி டம்ளர் பிடிக்கிற அளவுக்குத்தான் பலம். அதனால் வண்டி என்னிடம் வந்தது. நான் ஸ்பேனரை எடுத்தால் அவர் நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

அன்றைக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

"போதும்டா" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்சம்ப்பா. லூஸா இருந்தா கம்ப்ரஷன் லீக் ஆகும்" என்று ஸ்பேனரில் ஒரு முழ பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்தேன். முதலில் 'கிரீச்'. அப்புறம் அல்வாவில் கரண்டி போன மாதிரி ஒரு சுகம். பிளக் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்பா திட்டவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மணலிப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

புல்லட்டின் ஹெட் அலுமினியம். பிளக்கின் மரை இரும்பு. இரண்டும் மல்லுக்கட்டினால் யார் ஜெயிப்பார்கள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளை வைத்துப் புது மரை போட்டுத் தருவதாகச் சொன்ன லேத்துக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், அது கையா, உலக்கையா?"

ராத்திரிதான் அப்பா வாயைத் திறந்தார். "ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கு."

டார்க் என்றால் இருட்டு இல்லை. முறுக்கு விசை. எவ்வளவு பலத்தோடு, எவ்வளவு நீளக் கைப்பிடியில் திருகுகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில், 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். 40 சென்டிமீட்டர் ரெஞ்ச் என்றால் அதன் நுனியில் ஏறக்குறைய 7 கிலோ இழுப்பு. ஒரு கைக்குழந்தையைத் தூக்குகிற பலம். நான் போட்டது என் முழு எடை, அதோடு ஒரு முழ பைப்.

இதைக் கண்டுபிடித்த கான்ராட் பார், நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவர். குழாய் போல்ட்டுகளை ஆட்கள் ஓவராக முறுக்கிவிடுவதைத் தடுக்க 1918-ல் யோசித்தாராம். ஆக, உலக்கைக் கை உலகப் பொது!

இப்போது கடைகளில் கிடைப்பதில் கைப்பிடிக்குள் ஒரு ஸ்பிரிங். அளவை வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் 'கடக்' என்று சத்தம். அவ்வளவுதான். கையைப் பிடித்து நிறுத்தாது. அப்பா மாதிரி, 'போதும்டா' என்று மட்டும் சொல்லும்.

அடுத்த ஞாயிறு, புது ரெஞ்சோடு பாடம் ஆரம்பமானது.

"மரையைச் சுத்தமா துடை. முதல்ல கையாலயே திருகு. மேனுவல்ல சொல்லாம ஆயில் தடவாதே." ஏன் என்றால், நாம் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. ஆயில் தடவினால் உராய்வு குறைந்து, அதே 'கடக்'குக்குள் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும்.

"கைப்பிடி நடுவுல பிடி. ஜெர்க் அடிக்காம சீரா இழு. ஹெட் நட்டையெல்லாம் எதிரெதிரா, மூணு தவணையா டைட் பண்ணு. கழட்டறதுக்கு இதைத் தொடாதே. வேலை முடிஞ்சா அளவைக் கீழே இறக்கி வை, ஸ்பிரிங்குக்கும் ரெஸ்ட் வேணும்."

"என்னப்பா, துப்பாக்கியா செய்யறோம்?" என்று கேட்டேன்.

"துப்பாக்கிதான்டா!" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் என்ஃபீல்ட் என்ற ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1890-களில் அதற்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனிதான் அந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டது. 'துப்பாக்கி மாதிரி செய்தது' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா பிறந்து, நம்ம திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. எஞ்ஜின் சிலிண்டருக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர்கூட 'பேரல்'தான். எம்-16 வகைத் துப்பாக்கியிலும் இதே இரும்பு-அலுமினியம் தகராறுதான். அலுமினிய உடம்பில் பேரலைப் பிடிக்கிற நட்டை, டார்க் ரெஞ்சால் டைட் செய்து, தளர்த்தி, திரும்ப டைட் செய்து மரையைப் பழக்கிய பிறகே கடைசி முறுக்கு.

'கடக்' கேட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 1990 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்போடு வெளியே தொங்க, சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொண்டே தரையிறங்கும் வரை தாக்குப்பிடித்தார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். கண்ணாடிக்குப் போட்ட 90 போல்ட்டில் 84 ஒரு நூல் மெலிசு. முறுக்கு அளவு வைத்த ஸ்க்ரூ டிரைவரால்தான் மாட்டியிருந்தார்கள். மரை வழுக்கியதை 'கடக்' என்று நினைத்துவிட்டார்கள்.

கடைசியில் பிளக். அப்பா இடது கையை நீட்டினார். கொடுத்தேன். மெதுவாக இழுத்தார். 'கடக்'. அரை நிமிஷம் அந்த ரெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உலக்கைக் கைக்கு என்ன 'கடக்'கோ, அவர் இடது கைக்கும் அதே 'கடக்'.

சரியாக இருக்கிறதா பார்க்கலாமே என்று வாங்கி, நானும் ஓர் இழு இழுத்தேன். இன்னொரு 'கடக்'.

"ஒண்ணு போதும்னு இப்பத்தானேடா சொன்னேன், மரை கழண்டவனே!"

திட்டிவிட்டார். அப்பாடா!