சீசாவுக்குள் எழுதும் கை

நீலகிரிக் காடுகளில் வீசியெறியப்படும் மதுச் சீசாக்கள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிக்கின்றன என்ற முறையீடு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2022ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில் காலிச் சீசாவைத் திருப்பிக் கொடுப்போருக்கு 10 ரூபாய் தரும் ஏற்பாடு தொடங்கியது பத்திரிகை வாசகர்கள் அறிந்த சங்கதி. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது தஞ்சாவூர் நண்பர் ஒருவர், "சாராயச் சீசாவுக்கு மரியாதை வந்துவிட்டது; ஊறுகாய்ச் சீசாவை யார் கேட்கிறார்கள்? கேட்கிற அம்மாள் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், வந்து பாரும்" என்று அழைத்தார்.

கீழவாசல் பக்கத்தில் ஒரு சந்து, ஓட்டு வீடு. ஹார்லிக்ஸ், ஜாம், தேன், ஊறுகாய் என்ற பூர்வாசிரமப் பெயர்களைத் துறந்துவிட்ட சீசாக்கள், திண்ணையில் விரித்த சாக்கின்மேல் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து இனாமாக வந்தவை. காயலான் கடைக்காரர் இரும்புக்கும் பித்தளைக்கும் தராசைத் தூக்குவார். கண்ணாடி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் சுமார் 1500 டிகிரி வெப்பத்தில் உருகிப் பிறந்த, எத்தனை முறை மறுபடி உருக்கி வார்த்தாலும் குணம் குன்றாத ஒரு பதார்த்தத்துக்கு நம் வீதிகளில் உள்ள கௌரவம் இவ்வளவுதான்.

லேபிளை ஊறவைத்து உரிப்பது, மிஞ்சிய பசையைத் தேங்காயெண்ணெய் தடவிச் சுரண்டுவது, பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் போக்குவது ஆகிய ஆரம்ப வேலைகளை அம்மாளின் மகள் செய்கிறாள். ஊறுகாய் மூடியின் உள்வளையத்தில் ஏறிய காரவாசனை மட்டும் எந்தப் பிரயோகத்துக்கும் மசிவதில்லையாதலால், அந்த மூடிகளை எறிந்துவிட்டுச் சீசாவின் வாயைச் சரிகைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். வார்னிஷை வர்ணத்தோடு சேர்க்கும் விகிதத்தையும் அம்மாள் விவரமாகச் சொன்னார்; என் கண்ணெல்லாம் அவர் கையிலிருந்த கருவிமேல் இருந்தது.

அது ஒரு சாண் நீள மூங்கில் குச்சி. அதன் நுனியில் சைக்கிள் சக்கரத்துக் கம்பித் துண்டொன்றைக் கொக்கியாக வளைத்துச் செருகி, கம்பியின் முனையில் பழைய தூரிகையின் மயிரைக் கத்தரித்து நூலால் இறுக்கியிருக்கிறார். இந்தக் கொக்கித் தூரிகையைச் சீசாவின் வாய்க்குள் விட்டு, வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்த்தபடி, உட்சுவரில் அவர் படம் எழுதுகிறார். மராட்டிய மன்னர்கள் காலத்திலிருந்து தஞ்சையில் வழங்கிவரும் கண்ணாடி ஓவியத்தின் முறையே இது. தகட்டுக் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதுகிறவர் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி யோசிக்க வேண்டும். முன்னாலிருந்தே பார்ப்பதால் அம்மாளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் வரிசை தலைகீழ்தான். சாதாரணப் படத்தில் கடைசியாகத் திறக்கும் கண் இங்கே முதலில். மூக்குத்தி, அட்டிகை, புடவையின் கரை அதற்குப் பின். முகத்தின் நிறம் அதற்கும் பின். எல்லாவற்றுக்கும் முடிவில் பின்புலம். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு அதன் பின்னால் செங்கல் அடுக்குகிற கணக்கு. கண் ஒரு நெல்லளவு கோணினாலும், மேலே பூசி மறைக்க வழியில்லை. கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அவருடைய மாமனார் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தவர். கண்ணாடி ஓவியமும் எழுதுவார். "பின்வர்ணம் பூசறதுக்குத்தான் என்னை விடுவாருங்கய்யா. கண்ணு திறக்கிறதை எட்ட நின்னு பாத்ததுதான்" என்றார் அம்மாள். அச்சுப் படங்கள் மலிந்து வியாபாரம் படுத்து, பெரியவருக்கும் பார்வை மங்கியபோது, பாதியில் நின்ற ஒரு தவழும் கிருஷ்ணனை மருமகளிடம் நீட்டி, "நீயே போடு" என்றாராம். கடையை மூடிய பிறகு தகட்டுக் கண்ணாடி வாங்கப் பணமில்லை. அலமாரியில் காலி ஹார்லிக்ஸ் சீசா இருந்தது. அங்கிருந்து பிறந்தது இந்தத் தொழில்.

இப்போது கொலுவுக்கும் கல்யாணத்து ரிட்டர்ன் கிப்ட்டுக்கும் சீசாக்கள் போகின்றன. உள்ளே மெழுகுவர்த்தி வைத்தால் வர்ணம் கருகும், சூட்டில் கண்ணாடியும் விரியும் என்று சீரியல் விளக்குச் சரத்தைச் சுருட்டி வைக்கிறார்கள். இரண்டு மாலை உழைத்து முடிக்கும் ஒரு சீசாவுக்குத் தரகர் கொடுப்பது 80 ரூபாய். பட்டணத்துக் கடையொன்றில் அதே சரக்கை 650 ரூபாய்ச் சீட்டுடன் நண்பர் பார்த்திருக்கிறார். வழியில் உடைந்தால் அந்தக் கணக்கு அம்மாள் தலையில். கேட்டால், "சீசா ஓசிதானே, உங்களுக்கென்ன முதல்?" என்ற பதில் தயாராக இருக்கிறது. சீசா இனாம் என்பதற்காக எழுதுகிறவளுக்குக் கூலியைக் குறைக்கிற இந்தப் புண்ணியவான், அந்த இனாமில் ஒரு காசையேனும் வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்கிறாரா? கண்ணும் முதுகும் முதலில்லையா? வண்டியும் பெட்ரோலும் மட்டும்தான் முதல் என்று எந்த அர்த்த சாஸ்திரம் சொல்கிறது? கைத்தொழில் அழிகிறதே என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள், அது அழிவது ரசிகர் இல்லாததால் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்கள் 650 ரூபாய் கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள்.

அடியில் பெயரெழுதி ஒட்டினால் என்ன என்று கேட்டேன். ஒட்டிப் பார்த்தாராம், தரகர் அத்தனையையும் உரித்துவிட்டாராம். ஆகவே சென்ற கொலுவுக்கு முன் ஒரு காரியம் செய்திருக்கிறார். தேவியின் கண்ணுக்கும் முந்தி, வெறுங்கண்ணாடியில், புடவைக் கரையின் பூவேலையோடு பூவேலையாகத் தம் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிவிட்டு, அதன்மேல்தான் மற்ற வர்ணங்களை ஏற்றுகிறார். அதைச் சுரண்ட நினைப்பவர் படம் முழுவதையும் சுரண்ட வேண்டும்.

"கோயமுத்தூர்லேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நேரா வேணுமாம், என்ன விலைன்னாங்க" என்றவர், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "250ன்னு சொன்னா ஜாஸ்தியாங்கய்யா?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகள், "400 சொல்லும்மா" என்றாள்.