கடைமடையில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பாக்டீரியா

திருத்துறைப்பூண்டியைத் தாண்டி முத்துப்பேட்டை சாலையில் போனால், இருபுறமும் சம்பா வயல்கள். காவிரியின் கடைமடை இது. மேட்டூர்த் தண்ணீர் வெண்ணாற்றின் கிளைகளில் பிரிந்து, கடைசியாக இங்கே வந்து சேர்கிறது. பல இடங்களில் ஒரு வயல் நிரம்பி, அடுத்த வயலுக்கு வடியும். அந்தத் தண்ணீரோடு நோயும் வரப்பு தாண்டுகிறது.

இலையுறை கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூசணம், அறுவடைக்குப் பின் கடுகு போன்ற பழுப்பு முடிச்சுகளாக மண்ணில் கிடக்கும். சேறடிக்கும்போது மிதந்து வந்து, நெல் தூரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால், பூசணம் மேலே ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு எதிரி அதே சேற்றிலேயே இருக்கிறது. குளத்துப் படித்துறையில் கால் வழுக்கும் அல்லவா? அதுபோன்ற ஒரு வழவழப்பைச் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நெல் வேரில் பூசிக்கொண்டு, கூட்டமாக வாழும். இதை உயிர்ப்படலம் என்பார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, பூசணம் வரும் முன்பே வேரில் இடம் பிடித்துவிடும். பூசணத்துக்குத் தேவையான இரும்புச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் சுரக்கும்.

ஆகவே, நோய் முற்றிய பிறகு வாங்கித் தெளிப்பதைவிட விதையிலேயே தொடங்குவது நல்லது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, பிறகு முளைகட்டலாம். நடவின்போது நாற்றின் வேரை அரை மணி நேரம் கரைசலில் நனைக்கலாம். வயலுக்கு ஏக்கருக்கு 1 கிலோ தூளை, மக்கிய தொழு உரம் 20 கிலோவுடன் கலந்து போடலாம். இது உயிருள்ள பொருள். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். வெயில் படாமல் வையுங்கள். ரசாயனப் பூசணக்கொல்லியுடன் கலக்காதீர்கள்.

எல்லா வழவழப்பும் நண்பன் அல்ல. பாக்டீரியா இலைக்கருகல் நோயின் கிருமியும் இலை நரம்புக்குள் இப்படித்தான் படலம் கட்டி, தண்ணீர் ஓட்டத்தை அடைக்கிறது. காய்ந்துவரும் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயில் பால்போல் கலங்கல் கசிந்தால் அந்த நோய்தான். பூசண மருந்துக்குக் காசைக் கரைக்க வேண்டாம், யூரியாவை நிறுத்துங்கள்.

நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதைகளைப் பரப்பிய ஊர் இது. நாட்டு ரகமோ புது ரகமோ, விதைநேர்த்தி இரண்டுக்கும் பொது. நோய் கண்ட வயலின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விடாமல் வடிகாலில் திருப்புவது, கீழ்மடைக்காரருக்குச் செய்யும் உதவி.